இரண்டு வருடத்தில் ஒரு வயது

“பிள்ளை, அவ கேக்கிறா, உங்கட ஊரில ரெண்டு வருசத்துக்கு ஒரு வயசுதானோ கூடுறது எண்டு.”

கந்தையா அண்ணை இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி அம்மாவும் சிரிக்கவில்லை.

மொன்றியல் நகரின் நடுவே, குடிவரவு அலுவலகத்தின் மேல் மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. சுவரோரம் இருந்த சூடாக்கி, உள்ளே யாரோ அகப்பட்டுக்கொண்டு தட்டுவதுபோல இடைக்கிடை சத்தம் போட்டது. வெளியே அந்த ஆண்டின் முதல் பனி. என் சப்பாத்திலிருந்து உருகிய தண்ணீர் கதிரையின் கீழே தேங்கியிருந்தது. யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று அதைக் காலால் மறைத்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி அம்மா பிரெஞ்சில்தான் கேட்பார். கந்தையா அண்ணை மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே வருமுன் சில வருடம் பாரிஸில் உணவகங்களின் சமையலறைகளில் நின்றவர். அவருடைய பிரெஞ்சு அங்கே வெந்த பிரெஞ்சு. இரண்டு வருடத்துக்கு முன், நான் அகதியாக வந்து சத்தியம் செய்து என் கதையைச் சொன்ன நாளிலும் அவர்தான் என் பக்கத்தில் இருந்தார்.

எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்கு மனம் அடங்கும். அன்றும் உள்ளுக்குள் வரிசை போட்டேன்.

ஒன்று: எனக்கு இப்போது இங்கே தங்கும் உரிமை இருக்கிறது. தாய் தகப்பன் இருவரும் இல்லாத, மணமாகாத, பதினெட்டு நிறையாத தங்கை என்றால் அவளை நான் இங்கே கூப்பிடலாம்.

இரண்டு: என் தங்கை வதனிக்குப் பதினேழு வயது. விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

மூன்று: இரண்டு வருடத்துக்கு முன், இதே மாதத்தில், அவளுக்குப் பதினாறு என்று நான் சொன்னதாகக் கோப்பில் இருக்கிறது.

பதினாறும் இரண்டும் பதினெட்டு. அதிகாரி அம்மா சரியாகத்தான் கூட்டியிருந்தார். தங்கையைக் கூப்பிடுவதற்காக நான் ஒரு வயதைக் களவெடுத்துவிட்டேன் என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. பிறப்புச் சான்றிதழ் காட்டலாம் என்றால், திருகோணமலையில் எங்கள் வீடு எரிந்தபோது அதுவும் போய்விட்டது. பிரதி எடுக்க, பதிவுகள் இருந்த கட்டடமும் இல்லை.

வதனி அப்போது மட்டக்களப்பில் மாமி வீட்டில் இருந்தாள். அவளுடைய வயதுப் பிள்ளைகளைப் பகலிலும் வெளியே விடப் பயமாக இருக்கிறது என்று மாமி எழுதியிருந்தா.

புத்தகத்து மனிதர்கள்

இந்த இடத்தில், நான் அப்போது எப்படி இருந்தேன் என்று கொஞ்சம் சொல்லவேண்டும்.

மொன்றியலின் மேற்கு ஓரத்தில், ரொக்ஸ்பரோவில் நான் இருந்த நிலக்கீழ் அறையைப் பற்றி இந்தப் பத்தியில் முன்னொரு வாரம் எழுதியிருக்கிறேன். அதன் ஜன்னல் தரை மட்டத்தில் இருக்கும். கோடையில் அதன் வழியே கால்கள் தெரியும். பனி கொட்டினால் அதுவும் இல்லை. மேலே செல்வம் அக்காவும் அவருடைய கணவரும் இருந்தார்கள், மட்டக்களப்புக்காரர்கள். இருவருக்கும் தொழிற்சாலையில் பின்னேர வேலை. நான் அச்சகத்தில் தாள் அடுக்கிவிட்டு வரும்போது அவர்கள் வெளிக்கிட்டுப் போயிருப்பார்கள். அடுப்பில் மூடி வைத்த கறிதான் எங்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை.

ஊரில் நான் கட்டடங்களுக்குப் படம் வரையும் படவரைஞராகப் பயிற்சி பெற்றவள். அந்த வேலைக்கு இங்கே திரும்பப் போகவேண்டுமானால் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருந்த கல்லூரியில் படிக்கவேண்டும். அங்கே சேர்வதற்குக் கணிதத்தை ஆங்கிலத்தில் மறுபடி படித்துக் காட்டவேண்டும். வாரத்தில் சில மாலைகள் பஸ் மாறி மாறி, மொன்றியல் தீவின் மேற்கு முனைவரை போவேன்.

எண்கள் எனக்குப் பிரச்சினை இல்லை. வசனக் கணக்குகள்தான். ஆசிரியை ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றையே சொல்வார்: முதலில் x என்றால் என்ன, y என்றால் என்ன என்று எழுதுங்கள், பிறகு ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு சமன்பாடு. தெரியாதது இரண்டு என்றால் சமன்பாடும் இரண்டு வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு எவ்வளவு முயன்றாலும் நடக்காது.

வகுப்பில் தந்த கணக்குப் புத்தகத்தில் இருந்த மனிதர்களை இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. ஆற்றோட்டத்தோடு ஒருமுறையும் எதிர்த்து ஒருமுறையும் படகு வலிக்கும் ஒருவர். கோழிகளையும் முயல்களையும் ஒரே கூட்டில் அடைத்துவிட்டுத் தலைகளையும் கால்களையும் மட்டும் எண்ணுகிற ஒரு பண்ணைக்காரர். இரண்டு தர மேப்பிள் பாகைக் கலந்துவிட்டு, எதில் எவ்வளவு ஊற்றினேன் என்று மறந்துபோன ஒரு பெண். கூட்டைத் திறந்து எண்ணினால் முடிந்துபோகிற காரியம். ஆனால் திறக்கமாட்டார்கள். யாராவது வந்து கண்டுபிடிக்கட்டும் என்று இருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளை நான் அவர்களோடுதான் கழித்தேன். ஒவ்வொரு கணக்கையும் வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். அந்த நாட்களில் என் குரலை நானே கேட்டது பெரும்பாலும் அப்போதுதான்.

ஒருநாள் செல்வம் அக்கா படியின் மேலிருந்து கேட்டார். “என்ன புள்ள, கீழ ஆரோட கதைச்சிக்கிட்டு இரிக்காய்?”

“கணக்கோட அக்கா.”

“அது பதில் சொல்லுதா?”

“கடைசியில சொல்லும்.”

“அப்ப பறவாயில்ல. எங்கட மனுசன் கடைசியிலயும் சொல்லமாட்டார்” என்று சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

இரட்டிப்பு

வயதுக் கணக்குகளை மட்டும் நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அவற்றை அப்பா வீட்டிலேயே போட்டுவிட்டார்.

அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர். வேலையால் வந்து, கால் கழுவி, தேத்தண்ணி குடிக்கும்போது ஏதாவது கணக்கு வேண்டும் அவருக்கு. எனக்கும் வதனிக்கும் எட்டு வயது வித்தியாசம். அது அவருக்கு வாய்ப்பாகப் போயிற்று.

“வதனி பிறந்த அண்டைக்கு நீ அவளைவிட எத்தனை மடங்கு?”

“சொல்ல ஏலாது அப்பா. அவளுக்குச் சைபர்.”

“சரி. எப்ப நீ அவளின்ர இரட்டிப்பு?”

“எனக்குப் பதினாறு, அவளுக்கு எட்டு வரேக்க.”

“எப்ப ஒண்டரை மடங்கு?”

“இருபத்து நாலும் பதினாறும்.”

வதனி தன் கையில் இருக்கும் பணியாரத்தைக் கடித்தபடி, “நான் எப்ப அக்காவைப் பிடிப்பன்?” என்று கேட்பாள். “நீ பிடிக்கமாட்டாய். ஆனா கிட்டக் கிட்ட வருவாய்” என்பார் அப்பா.

எனக்குப் பதினாறும் அவளுக்கு எட்டுமாக இருந்த வருடம் வந்தது. அந்த வருடம்தான் அம்மா காய்ச்சலில் இறந்தா. அப்பா கணக்குப் போடுவதை விட்டுவிட்டார். வதனிக்குச் சீப்பால் தலை இழுப்பது, அவளுடைய வெள்ளைச் சட்டைக்கு நீலம் போடுவது, காய்ச்சல் என்றால் இரவில் எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது எல்லாம் என் வேலையாயின.

சில வருடம் கழித்து அப்பாவும் ஒரு காலையில் வேலைக்குப் போய்ப் பிணமாக வந்தார். உடல் கிடைத்ததே பெரிது என்று ஊரார் சொன்ன காலம் அது.

கோப்பில் இருந்த வசனங்கள்

“அண்ணை, கோப்பில குடும்பத்தைப் பற்றி நான் சொன்னதை முழுக்க வாசிக்கச் சொல்லுங்கோ” என்றேன்.

“முழுக்கவோ?”

“ஓம்.”

அதிகாரி அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். கந்தையா அண்ணை ஒவ்வொரு வசனமாகத் தமிழில் திருப்பித் தந்தார். நான் சொல்லி, அவர் பிரெஞ்சாக்கி, இப்போது மீண்டும் தமிழாகி என்னிடம் வந்த வசனங்கள்.

என் வயது இருபத்து மூன்று. எனக்கு ஒரே தங்கை, பெயர் வதனி, வயது பதினாறு. எனக்கும் அவளுக்கும் எட்டு வயது வித்தியாசம். அம்மா இறந்து ஏழு வருடம். அப்போது என் வயது தங்கையின் வயதில் சரியாக இரண்டு மடங்கு, அவளை நான்தான் வளர்த்தேன்.

கடைசி வசனத்தை நான் சொன்னது எனக்கு மறந்தே போயிருந்தது. அம்மாவுக்குப் பிறகு தங்கையை யார் பார்த்தது என்று கேட்டிருப்பார்கள். நான் அப்பாவின் பாணியில் பதில் சொல்லியிருக்கிறேன்.

“எனக்கு ஒரு தாள் வேணும் அண்ணை.”

“பிள்ளை, இது கணக்குச் செய்யிற இடமில்லை.”

“கேட்டுப் பாருங்கோ.”

அவர் கேட்டார். அதிகாரி அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு மஞ்சள் தாள் கட்டையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார். நான் கதிரையை மேசையின் பக்கவாட்டுக்கு நகர்த்தினேன், அவருக்கும் தெரியட்டும் என்று. படவரைஞருக்கு முதலில் கற்பிப்பது எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் ஒரே உயரம், ஒரே சாய்வு. அந்தப் பழக்கம் அங்கேயும் என்னைக் கைவிடவில்லை.

அன்று என் வயது x. அன்று தங்கையின் வயது y. இரண்டுமே தெரியாது என்று வைத்துக்கொண்டேன். நான் சொன்ன எந்த வயதையும் நம்பாத ஓர் அறையில் அப்படித் தொடங்குவதுதான் முறை.

x − y = 8
x − 7 = 2(y − 7)

“முதல் வரி, வித்தியாசம் எட்டு எண்டு சொன்னது. ரெண்டாவது, ஏழு வருசத்துக்கு முதல் நான் அவளின்ர இரட்டிப்பு எண்டு சொன்னது. ரெண்டும் உங்கட கோப்பில இருக்கு. நான் இண்டைக்குப் புதுசா ஒண்டும் சொல்லேல்ல.”

கந்தையா அண்ணை இதை மொழிபெயர்க்கும்போது இடையில் நின்று, “இரட்டிப்பு எண்டது வயசோ, வித்தியாசமோ?” என்று என்னிடம் கேட்டுத் தெளிந்துகொண்டார். அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது.

முதல் வரியிலிருந்து x என்பது y + 8. அதை இரண்டாவதில் போட்டால் y + 1 = 2y − 14. ஆகவே y பதினைந்து. x இருபத்து மூன்று.

இருபத்து மூன்று என்பது கோப்பில் இருந்த என் வயதுதான். அதை நான் எங்கும் பாவிக்காமலே அது தானாக வந்து நின்றது. வதனிக்குக் கிடைத்தது பதினைந்து, பதினாறு அல்ல. பதினைந்தும் இரண்டும் பதினேழு.

அதிகாரி அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்தார். ஏதோ சொன்னார்.

“பள்ளிக்கூடத்தில தனக்கு இது வரவே வராதாம்” என்றார் கந்தையா அண்ணை.

ஆனாலும் அதிகாரி அம்மா பென்சிலை எடுத்து, என் வயதை இருபத்து மூன்றாகவே வைத்துக்கொண்டு, y இருந்த இடத்தில் பதினாறைப் போட்டுப் பார்த்தார். வித்தியாசம் ஏழு வந்தது. அம்மா இறந்தபோது தங்கைக்கு ஒன்பது, எனக்குப் பதினாறு என்று வந்தது. இரட்டிப்பு ஆகவில்லை. மறுபடி பதினைந்தைப் போட்டார். இரண்டு வசனமும் பொருந்தின. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

“அப்ப பதினாறு எண்டு ஆர் சொன்னது எண்டு கேக்கிறா.”

“நான்தான்.”

எட்டு நடக்குது

ஏன் என்று அதிகாரி அம்மா கேட்டார். பதில் எனக்கு அந்தக் கணத்தில்தான் தெரிந்தது. அதுவரை நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

அம்மா உயிரோடு இருந்தபோது வீட்டுக்கு யாராவது வந்தால் எங்கள் வயதைக் கேட்பார்கள்.

“மூத்தவவுக்கு எத்தினை?”

“இப்பதான் பதினைஞ்சு முடிஞ்சது.”

“சின்னவவுக்கு?”

“எட்டு நடக்குது.”

வதனிக்கு அப்போது ஏழு நிறைந்து எட்டாவது ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் பதினாறாவது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அம்மா அதைச் சொல்லமாட்டா. கலியாணம் பேசவேண்டிய மூத்த பெண்ணுக்கு முடிந்த வயது. வளரவேண்டிய சின்னவளுக்கு நடக்கிற வயது. எங்கள் தெருவில் எல்லா அம்மாக்களும் அப்படித்தான் சொன்னார்கள். எங்களுக்குள் வித்தியாசம் எட்டு என்றும் அம்மா அதே மூச்சில் சொல்லுவா. யாரும் கழித்துப் பார்த்ததில்லை.

சத்தியம் செய்துவிட்டு நானும் அப்படியே சொல்லியிருக்கிறேன். எனக்கு முடிந்த இருபத்து மூன்று. தங்கைக்கு நடக்கிற பதினாறு.

நான் இதைச் சொல்லி முடிக்குமுன் கந்தையா அண்ணை மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டார். தொடங்கியவர் நிறுத்தவில்லை. நான் சொன்னதைவிட மூன்று மடங்கு நீளமாக, கையை ஆட்டி ஆட்டி, தன் நெஞ்சைத் தொட்டுப் பேசிக்கொண்டே போனார். அதிகாரி அம்மா உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். அண்ணை வாயை மூடிக்கொண்டார்.

“என்ன அண்ணை சொன்னனீங்கள்?”

“என்ர மூத்தவளுக்கு மனுசி மூண்டு வருசமா இருபத்தஞ்சு சொல்லிக்கொண்டிருக்கிறா எண்டு சொன்னனான். நான் இஞ்ச சாட்சி இல்லையாம், வாய் மட்டும்தானாம்.”

அதிகாரி அம்மா தாளைக் கிழித்தெடுத்துக்கொண்டு வெளியே போனார். மேலதிகாரியிடம் காட்டவேண்டுமாம்.

கதவு சாத்திய பிறகு சூடாக்கியின் சத்தம் மட்டும் இருந்தது. அந்தக் கணக்கில் பிழை இல்லை என்று எனக்குத் தெரியும். கணக்குச் சரியாக இருப்பதும் அவர்கள் நம்புவதும் வேறு வேறு என்பதும் தெரியும். இல்லை என்று சொல்லிவிட்டால் மாமிக்கு என்ன எழுதுவது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

கந்தையா அண்ணை பையிலிருந்து ஒரு தோடம்பழம் எடுத்து உரித்தார். பாதியைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

“சாப்பிடு பிள்ளை. வெறும் வயித்தோட இருந்தா முகம் குற்றவாளி மாதிரித் தெரியும்.”

சாப்பிட்டேன். இன்னொரு மனிதர் பக்கத்தில் இருக்க, ஒரே பழத்தைப் பங்கிட்டுச் சாப்பிட்டு எவ்வளவு காலம் என்று யோசித்தேன். செல்வம் அக்காவின் கறியைக்கூட நான் தனியே நின்றுதான் சாப்பிட்டிருக்கிறேன்.

உயரம்

அதிகாரி அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தார். கோப்பில் எதையோ எழுதினார். பிறகு அந்த மஞ்சள் தாளை அதோடு சேர்த்துக் கொழுவினார்.

“பதினேழு எண்டு ஏற்கினமாம்” என்றார் கந்தையா அண்ணை. “விண்ணப்பம் குடுத்த நாளின்ர வயசுதான் கணக்காம். அவள் வரேக்க பதினெட்டுத் தாண்டினாலும் பறவாயில்லையாம்.”

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த கேள்வி வந்தது. விண்ணப்பத்தில் சில கட்டங்கள் நிரப்பாமல் இருந்தன. கண்ணின் நிறம்? கறுப்பு. தலைமயிர்? கறுப்பு. உயரம்?

நான் எழுந்து நின்று என் தோளில் கையை வைத்துக் காட்டினேன். “இவ்வளவு.”

“அது நீ விட்டிட்டு வரேக்க” என்றார் கந்தையா அண்ணை, மொழிபெயர்க்காமல். “இப்ப?”

கை தோளில் இருந்தபடி நின்றேன். வதனி அதற்குப் பிறகு வளர்ந்திருப்பாள். எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்லும் வசனம் எந்தக் கடிதத்திலும் இல்லை.

அதிகாரி அம்மா மெதுவாக ஏதோ சொன்னார். அந்த ஒன்றை அண்ணை சொல்லாமலே விளங்கியது. வெறுமையாக விடலாம்.

பேருந்தில்

அடுத்த கோடையின் முடிவில் வதனி மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. ஒவ்வொரு முறையும் நான் ஒரு படி முன்னால் போய்ப் பின்னால் வந்தேன்.

அவளை எனக்கு உடனே தெரிந்தது. என்னைத்தான் அவளுக்குத் தெரியவில்லை. நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பி, முதலில் ஓர் அதிகாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கட்டிப்பிடித்தோம். அவளுக்காக நான் கொண்டுபோன செல்வம் அக்காவின் குளிர்ச்சட்டை எங்களுக்கு நடுவே கசங்கியது.

“பயணம் எப்படி?”

“நல்லம் அக்கா. நீங்கள் கனநேரம் நிண்டனீங்களோ?”

என்னை அவள் ஒருநாளும் நீங்கள் என்று கூப்பிட்டதில்லை. தலை இழுக்கும்போது வலித்தால் கையில் கிள்ளுகிறவள் அவள்.

நகரத்துக்குப் போகும் பேருந்தில் ஜன்னல் பக்கம் அவளை இருத்தினேன். வெளியே நெடுகச் சோள வயல்கள். அவள் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரொக்ஸ்பரோ வீட்டைப் பற்றிச் சொன்னேன். எந்தப் பஸ், எந்த இடத்தில் மாறவேண்டும், எந்தக் கடையில் அரிசி வாங்கலாம், பிரெஞ்சு வகுப்பு எங்கே. எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றாள்.

சொல்ல இருந்தவை முடிந்துவிட்டன. கனதூரம் போன பிறகு அவள் என் பக்கம் பார்க்காமலே கேட்டாள்.

“அக்கா, இவ்வளவு காலமும் இஞ்ச நீங்கள் ஆரோட கதைச்சனீங்கள்?”

என் வழக்கப்படி வரிசை போட்டேன். செல்வம் அக்கா, படியில் கண்டால். அச்சகத்தில் பக்கத்து மேசைப் பெண், காலையில் ஒரு போன்ஜூர். வகுப்பில் ஆசிரியை, நான் கை தூக்கினால். அதற்கு மேலே வரிசை போகவில்லை. மாமிக்கும் அவளுக்கும் எழுதிய கடிதங்களில் எல்லாம் நல்ல சுகம் என்றுதான் எழுதியிருந்தேன்.

“ஒருத்தரோடையும் இல்லை” என்றேன்.

வதனி மடியிலிருந்த பையை எடுத்துக் காலடியில் வைத்தாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, என்னை முழுதாகப் பார்த்துத் திரும்பி இருந்தாள்.

“சரி, இப்ப நீ கதை” என்றாள்.